‘பெண் காணவில்லை’: தன்பால் இணையர் பாதுகாப்பு மனு ஒன்றின் நிகழ்வு ஆய்வு, சென்னை உயர் நீதிமன்றம், 2021

ஆய்வின் எல்லை

2021 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றத்தின் முன் வந்த ஒரு பாதுகாப்பு மனுவை அதன் தொடக்கத்திலிருந்து இந்த ஆய்வு பின்தொடர்கிறது. மனுதாரர்களான இரு பெண்களும் அவர்களுடைய பெற்றோரும் இங்கே பெயரிடப்படவில்லை. நீதிமன்ற ஆணைகள் வழியே பொதுவெளிக்கு வந்த விவரங்களிலும் வழக்கைப் புரிந்துகொள்ளத் தேவையானவை மட்டுமே எடுத்தாளப்பட்டுள்ளன. வயதுவந்த இருவரின் தன்பால் உறவு குற்றமல்ல என்று உச்ச நீதிமன்றம் 2018இல் சொல்லிவிட்டது. அந்தச் சொல் ஒரு காவல் நிலையத்தின் மேசை வரை வந்து சேர என்னென்ன தேவைப்பட்டது என்பதே இங்கு ஆராயப்படுகிறது. இத்தகைய புகார்களைக் கையாளும் வழக்கறிஞர்கள், சட்ட உதவித் தன்னார்வலர்கள், காவல் அலுவலர்கள், மனநல ஆலோசகர்கள் ஆகியோரை மனத்தில் வைத்து இது எழுதப்பட்டது.

பின்னணி: சட்டம் வந்த வழி

1860ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டத்தில் இடம்பெற்ற 377ஆம் பிரிவு, ‘இயற்கை நியதிக்கு மாறான’ உடலுறவுக்கு ஆயுள் தண்டனையோ பத்தாண்டு வரை சிறையோ விதிக்க இடமளித்தது. தனிமையில், வயதுவந்தோர் இசைவுடன் கொள்ளும் உறவுக்கு இப்பிரிவு பொருந்தாது என்று தில்லி உயர் நீதிமன்றம் 2009 ஜூலை 2 அன்று தீர்ப்பளித்தது. 2013 டிசம்பர் 11 அன்று உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு அதை மாற்றி, பிரிவை முழுமையாக மீட்டது. நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் பதிவான தீர்ப்புகளின்படி இருநூறுக்கும் குறைவானவர்களே இப்பிரிவின் கீழ் வழக்கைச் சந்தித்திருக்கிறார்கள் என்பது அந்த அமர்வு சுட்டிக்காட்டிய காரணங்களுள் ஒன்று. பிரிவு அரிதாகவே பயன்பட்டது என்று காட்ட எடுக்கப்பட்ட அந்த எண்ணிக்கை வேறொன்றையும் காட்டுகிறது. மிரட்டல், பணம் பறித்தல், குடும்பத்தாரின் கெடுபிடி ஆகியவற்றில் எதுவும் நீதிமன்றப் பதிவேட்டுக்கு வருவதில்லை.

அடுத்த சில ஆண்டுகளில் நிலைமை மாறியது. 2014 ஏப்ரல் 15 அன்று திருநர்களின் பாலின அடையாள உரிமையை உச்ச நீதிமன்றம் ஏற்றது. 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒன்பது நீதிபதிகள் அமர்வு அந்தரங்கத்தை அடிப்படை உரிமையாக அறிவித்தது. 2018 செப்டம்பர் 6 அன்று தலைமை நீதிபதி தீபக் மிஸ்ரா, நீதிபதிகள் கான்வில்கர், நரிமன், சந்திரசூட், இந்து மல்ஹோத்ரா ஆகிய ஐவரும் ஒருமித்து, வயதுவந்தோர் இசைவுடன் கொள்ளும் உறவைப் பொறுத்தவரை 377ஆம் பிரிவு அரசமைப்புச் சட்டத்துக்குப் புறம்பானது என்று தீர்ப்பளித்தனர். நீதிபதி நரிமன் தம் தீர்ப்பில் நடைமுறைக் கட்டளை ஒன்றையும் சேர்த்திருந்தார். தீர்ப்பை ஊடகங்கள் வழியே பரவலாக அறிவிக்க வேண்டும், அரசு அலுவலர்களுக்கு, குறிப்பாகக் காவல்துறையினருக்கு, அவ்வப்போது விழிப்புணர்வுப் பயிற்சி அளிக்க வேண்டும் என்பதே அது. இந்த ஆய்வில் திரும்பத் திரும்பக் கவனிக்க வேண்டிய வரி அதுதான்.

இரு பெண்களுக்கிடையிலான உறவில் குடும்பம் தலையிடும்போது அது 377ஐத் தேடிப் போனதில்லை. போக வேண்டிய தேவையும் இருக்கவில்லை. மகள் வீட்டை விட்டுப் போய்விட்டாள் என்று பெற்றோர் புகார் கொடுத்தால் ‘பெண் காணவில்லை’ என்று முதல் தகவல் அறிக்கை பதிவாகும். செல்போன் டவரை வைத்து இருப்பிடம் கண்டுபிடிக்கப்படும். இரு தரப்பும் ஸ்டேஷனுக்கு அழைக்கப்படுவார்கள். வயதுவந்த பெண் தன் விருப்பத்தின் பேரில் வந்தேன் என்று வாக்குமூலம் கொடுத்துவிட்டால் சட்டப்படி விசாரணைக்கு மேலும் வேலை இல்லை. நடைமுறையிலோ அதன் பிறகுதான் பேச்சு தொடங்கும். அறிவுரை, அழுகை, உறவினர் கூட்டம், கடைசியில் ஒரு வெள்ளைத் தாளில் ‘எழுதி வாங்குவது’ என்று அது நீளும். சட்டப் புத்தகத்தில் இடமில்லாத இந்தச் சமாதானம்தான் சாதி மாறிக் காதலித்தவர்களையும் வீட்டுக்குத் திருப்பி அனுப்பியிருக்கிறது. தன்பால் இணையரைப் பொறுத்தவரை, ‘நாங்கள் திருமணம் செய்துகொண்டோம்’ என்று காட்டும் பதிவுச் சான்றிதழும் கையில் இருக்காது என்பது கூடுதல் பலவீனம்.

நிகழ்வு: மதுரையிலிருந்து சென்னைக்கு

மனுதாரர்களுக்கு அப்போது 22, 20 வயது. இருவரும் மதுரையைச் சேர்ந்தவர்கள். சுமார் இரண்டு ஆண்டுப் பழக்கம் நட்பாகத் தொடங்கிக் காதலாக வளர்ந்திருந்தது. வாழ்க்கைத் துணைவர்களாகவே இருக்க விரும்புவதாக இருவரும் தெளிவாகச் சொன்னார்கள். இரு வீடுகளிலும் எதிர்ப்பு எழுந்து, பிரித்துவிடுவார்கள் என்ற அச்சம் முற்றியபோது சென்னைக்கு வந்தார்கள். அங்கே தொண்டு நிறுவனங்களும் பால்புதுமையர் (தன்பால் ஈர்ப்பினர், திருநர் முதலான பாலியல், பாலினச் சிறுபான்மையினர்) சமூகத்தைச் சேர்ந்தவர்களும் தங்குவதற்கு இடம் ஏற்பாடு செய்து கொடுத்தார்கள்.

மதுரையில் இரு பெற்றோரும் தனித்தனியே புகார் கொடுக்க, இரண்டு முதல் தகவல் அறிக்கைகள் பதிவாயின. அவற்றின் தொடர்ச்சியாகக் காவல்துறையினர் இருவரும் தங்கியிருந்த இடத்துக்கே வந்து விசாரித்தனர். விசாரணை என்ற அளவில் அது சட்டத்துக்கு வெளியே போனதல்ல என்று காவல்துறை தரப்பு வாதிட இடம் உண்டு, ஏனெனில் காணாமற்போனவரைக் கண்டறிவது அவர்களுடைய கடமை. ஆனால் தங்குமிடம் தெரிந்துவிட்டது என்பதன் பொருள், அடுத்து வருபவர்கள் உறவினர்களாக இருக்கக்கூடும் என்பதே. கண்டறியப்பட்ட பிறகும் புகார் முடிக்கப்படாமல் திறந்தே இருக்கும் ஒவ்வொரு நாளும் இருவரும் ‘தேடப்படுபவர்கள்’தான்.

இந்தக் கட்டத்தில் இருவரும் சென்னைப் பெருநகரக் காவல் ஆணையர் உள்ளிட்டோரை எதிர்மனுதாரர்களாகச் சேர்த்து, அரசமைப்புச் சட்டத்தின் 226ஆம் பிரிவின் கீழ் உயர் நீதிமன்றத்தை நாடினர். காவல்துறை தங்களைத் துன்புறுத்தக் கூடாது, பெற்றோரால் வரக்கூடிய ஆபத்திலிருந்து பாதுகாப்பு வேண்டும் என்ற இரண்டே கோரிக்கைகள். திருமண அங்கீகாரமோ பெரிய அரசமைப்பு விளக்கமோ கேட்கப்படவில்லை. இந்தச் சுருக்கமான கோரிக்கை நல்ல சட்ட உத்தி என்பது என் கருத்து. கேட்பது குறைவாக இருந்ததால் மறுப்பதற்கான காரணமும் குறைவாக இருந்தது. விரிவான நிவாரணத்தைப் பின்னர் நீதிமன்றம் தானாகவே கட்டியெழுப்பியது.

முதல் விசாரணைகள்

மனு நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் முன் வந்தது. வழக்கமான பாதுகாப்பு மனுக்களில் நடப்பதுபோல, அச்சுறுத்தல் இருந்தால் காவல்துறை பாதுகாப்பு அளிக்க வேண்டும் என்று ஒரு பத்தியில் ஆணையிட்டு முடித்திருக்கலாம். அப்படி முடித்திருந்தால் இரு மனுதாரர்களுக்கும் அன்றைய பாதுகாப்பு கிடைத்திருக்கும், வேறு யாருக்கும் ஒன்றும் கிடைத்திருக்காது. மாறாக, நீதிபதி மார்ச் மாத விசாரணையில் மனுதாரர்களோடும் பெற்றோரோடும் தனித்தனியே பேசினார். மனுதாரர்கள் உறுதியாக இருந்தார்கள். பெற்றோர் கலங்கிப்போயிருந்தார்கள். தீங்கு செய்ய வந்த கூட்டமாக அவர்களைப் பார்க்காமல், நடப்பது இன்னதென்று விளங்காத தாய்தந்தையராக நீதிபதி பார்த்தார் என்பது ஆணைகளின் தொனியிலேயே தெரிகிறது.

அடுத்து எடுக்கப்பட்ட முடிவு அசாதாரணமானது. பால்புதுமையர் சமூகத்தோடு பணியாற்றிய அனுபவம் உள்ள உளவியல் ஆலோசகர் ஒருவரிடம் மனுதாரர்களும் பெற்றோரும் அனுப்பப்பட்டார்கள். அறிக்கையை மூடிய உறையில் நீதிமன்றத்துக்கு மட்டும் அளிக்கும்படி சொல்லப்பட்டது. இதற்கிடையே காணவில்லை என்ற புகார்கள் முடித்துவைக்கப்பட்டன. பாதுகாப்பு முதலில், உரையாடல் பிறகு என்ற இந்த வரிசை கவனத்துக்குரியது. புகார் உயிரோடிருக்கும்போது நடக்கும் ஆலோசனை, எவ்வளவு நல்ல மனத்தோடு நடந்தாலும், காவல் நிலைய அறிவுரையின் நீட்சியாகவே போய் முடியும்.

அறிக்கையில் வெளிப்பட்டவை

ஏப்ரல் 28 ஆணையில் இடம்பெற்ற அறிக்கையின் சாரம் இந்த வழக்கின் மையம் என்று சொல்லலாம். மனுதாரர்களின் மனத்தில் எந்தக் குழப்பமும் இல்லை. தங்கள் உறவு என்ன என்பதை அவர்கள் தெளிவாக அறிந்திருக்கிறார்கள் என்று ஆலோசகர் எழுதியிருந்தார். பெற்றோர் மீது இருவருக்கும் பாசம் குறையவில்லை. வற்புறுத்திப் பிரித்துவிடுவார்கள் என்பது ஒன்றே அவர்களுடைய பயம். படிப்பையும் வேலையையும் தொடர வேண்டும், பெற்றோரோடு தொடர்பில் இருக்க வேண்டும், அவர்கள் புரிந்துகொள்ளும்வரை காத்திருக்கவும் தயார் என்று சொல்லியிருந்தார்கள்.

பெற்றோர் தரப்பில் மூன்று விதமான கவலைகள் கலந்திருந்தன. சமூகத்தில் ஏற்படும் அவமானம் ஒன்று. மகளின் பாதுகாப்பு, எதிர்காலம் இன்னொன்று. வம்சம் எப்படித் தொடரும், பிள்ளையைத் தத்தெடுக்க முடியுமா, ஆண்-பெண் திருமணத்தோடு இயல்பாக வந்துசேரும் மற்றவையெல்லாம் இதில் என்னவாகும் என்ற குழப்பம் மூன்றாவது. இவற்றோடு, தன் பாலைச் சேர்ந்த ஒருவரோடு வாழ்வதைவிட மகள் பிரம்மச்சரியத்தோடு தனியே வாழ்வதே கௌரவமானது என்று அவர்கள் கருதியதாகவும் பதிவாகியிருந்தது.

இந்தக் கடைசி வாக்கியத்தை விரைந்து கடந்துவிடக் கூடாது. திருமணமாகாத மகளை வீட்டில் வைத்திருப்பதையே பெரும் பாரமாக எண்ணும் சமூகத்தில், அந்தப் பாரத்தையும் ஏற்றுக்கொள்ளப் பெற்றோர் முன்வருகிறார்கள். அப்படியானால் அவர்களை ஆட்டிப்படைப்பது ‘பெண்ணுக்குக் கல்யாணம் நடக்கவில்லையே’ என்ற ஏக்கத்தைவிட ஆழமான ஒன்று. குற்றம் என்ற முத்திரை 2018லேயே போய்விட்டது. கௌரவக் குறைவு என்ற முத்திரை சட்டத்தில் இல்லாததால் அதைத் தீர்ப்பால் நீக்கவும் முடியவில்லை. சட்டம் இந்த உறவை ஏற்காததைக் காட்டிலும் சமூகம் ஏற்காததே உண்மைச் சிக்கல் என்று நீதிபதி பின்னர் எழுதியதற்கு இந்த அறிக்கையே அடிப்படை.

தீர்ப்பைத் தள்ளிவைத்த முடிவு

அறிக்கை கைக்கு வந்தபோதும் நீதிபதி உடனே தீர்ப்பெழுதவில்லை. தன்பால் ஈர்ப்பை இன்னும் முழுமையாகப் புரிந்துகொள்ளாத சாதாரண மக்களின் பெரும்பான்மையில் தாமும் ஒருவர் என்பதை வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். இதுகுறித்து எழுதும் சொற்கள் அறிவிலிருந்து மட்டும் வந்தால் போதாது, மனத்திலிருந்தும் வர வேண்டும், அதற்கு முன் தாம் கற்றுக்கொள்ள வேண்டும் என்று சொல்லி, தமக்கும் அதே ஆலோசகரிடம் ஓர் உளவியல் கல்வி அமர்வுக்கு நேரம் கேட்டார். பெற்றோருக்கும் மேலும் ஒரு சுற்று ஆலோசனைக்கு வழி செய்யப்பட்டது. பிறகு சமூகத்தைச் சேர்ந்தவர்களையும் நீதிபதி சந்தித்தார். அவர்களுள் ஒருவரான மருத்துவம் பயின்ற திருநங்கையைத் தம் அறியாமை இருளிலிருந்து வெளியே இழுத்துவந்த குரு என்று ஆணையிலேயே குறிப்பிட்டார்.

ஊடகங்கள் இதைப் பெரிதும் பாராட்டின. பாராட்டுக்குரியதுதான். ஆனால் ஓர் ஆய்வாளர் இதை மாதிரியாக முன்வைக்கத் தயங்க வேண்டும். நீதிபதி முதலில் மனம் மாற வேண்டும், பிறகே உரிமை கிடைக்கும் என்பது ஒரு நடைமுறை ஆக முடியாது. மனுதாரர்களின் நல்வாய்ப்பு, கற்றுக்கொள்ள விரும்பிய ஒருவர் முன் வழக்கு வந்தது. வேறொருவர் முன் வந்திருந்தால் அதே மனு வேறு விதமாக முடிந்திருக்கலாம். அறியாமை, பாகுபாட்டை நியாயப்படுத்தாது என்று இந்த நீதிபதியே எழுதியிருப்பதால் இந்த ஆபத்தை அவரும் உணர்ந்திருந்தார் என்றே கொள்ளலாம். தம்மோடு முடிந்துவிடாத ஏற்பாடு ஒன்றை உருவாக்க அவர் முனைந்ததும் அதனால்தான்.

2021 ஜூன் 7 ஆணை

உரிய சட்டம் வரும்வரை இடைவெளியை நிரப்பும் இடைக்கால வழிகாட்டுதல்களாக அந்த ஆணை அமைந்தது. அதன் முதல் வழிகாட்டுதல் காவல்துறைக்கானது: ஆண், பெண், சிறுமி காணவில்லை என்ற எந்தப் புகாரும் விசாரணையில் வயதுவந்த, இசைவுள்ள பால்புதுமையரைப் பற்றியது என்று தெரியவந்தால், அவர்களுடைய வாக்குமூலத்தைப் பெற்றுக்கொண்டு, எந்தத் துன்புறுத்தலுமின்றிப் புகாரை முடிக்க வேண்டும். வழக்கின் தோற்றுவாய் எதுவோ அதையே நேராகத் தொட்டதால், முழு ஆணையிலும் இந்த ஒரு வாக்கியத்துக்குத்தான் நடைமுறையில் அதிக வலு உண்டு என்று கருதுகிறேன்.

மற்றவை நிறுவனங்களைக் கட்டும் முயற்சி. இச்சமூகத்தின் சிக்கல்களில் அனுபவமுள்ள தொண்டு நிறுவனங்களின் பட்டியலை ஒன்றிய சமூக நீதி அமைச்சகம் எட்டு வாரங்களில் இணையத்தில் வெளியிட வேண்டும். உதவி நாடுவோருக்கு ஆலோசனை, பண உதவி, மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு வழியே சட்ட உதவி ஆகியவை கிடைக்க வேண்டும். குறுகிய காலத் தங்குமிடங்கள், அங்கன்வாடித் தங்குமிடங்கள், திருநர்களுக்கான ‘கரிமா கிரஹ்’ இல்லங்கள் ஆகியவற்றை இச்சமூகத்தின் எவரும் தங்கும்படி மாற்ற வேண்டும். அதற்குப் பன்னிரண்டு வாரம். காவல், சிறை, நீதித்துறை, கல்வி நிலையங்கள், பணியிடங்கள், பெற்றோர் என ஒவ்வொரு தளத்துக்கும் விழிப்புணர்வுத் திட்டங்கள் சொல்லப்பட்டன. பாலீர்ப்பை ‘குணப்படுத்தும்’ சிகிச்சை முயற்சிகள் தடை செய்யப்பட்டு, அவற்றில் ஈடுபடும் மருத்துவர்களின் உரிமத்தைத் திரும்பப் பெறுவது வரை நடவடிக்கை எடுக்கப் பணிக்கப்பட்டது.

மனுவை முடித்துவைக்காமல் நிலுவையில் வைத்துக்கொண்டதும் ஒரு முடிவே. அரசுகள் செய்ததை அவ்வப்போது வந்து சொல்ல வேண்டும், நீதிமன்றம் அடுத்த ஆணையைப் பிறப்பிக்கும் என்ற தொடர் கண்காணிப்பு முறை கையாளப்பட்டது. 2018 தீர்ப்பின் பயிற்சிக் கட்டளை இரண்டரை ஆண்டுகளில் மதுரைக்கும் சென்னைக்கும் வந்து சேரவில்லை என்பதை இந்த வழக்கே மெய்ப்பித்திருந்த நிலையில், வெறும் கட்டளையோடு விடைபெறுவது பொருளற்றதாக இருந்திருக்கும்.

தொடர்ந்து நடந்தவை

ஒன்றிய அமைச்சகம் கூடுதல் அவகாசம் கேட்டது. தமிழ்நாட்டு அரசு ஒப்பீட்டளவில் விரைந்தது. 1964ஆம் ஆண்டின் தமிழ்நாடு சார்நிலைக் காவல் அலுவலர்கள் நடத்தை விதிகளில் 24-சி என்ற விதி 2022 தொடக்கத்தில் சேர்க்கப்பட்டது. பால்புதுமையர் சமூகத்தினரையோ அவர்களுடைய நலனுக்காகப் பணிபுரிபவர்களையோ எந்தக் காவல் அலுவலரும் துன்புறுத்தக் கூடாது என்பது அதன் சாரம். நலப்பணியாளர்களையும் சேர்த்தது முக்கியமானது, ஏனெனில் மதுரை இணையருக்கு இடம் கொடுத்தவர்கள் அத்தகையோரே. சட்ட நடைமுறைப்படியான விசாரணை துன்புறுத்தல் ஆகாது என்ற விளக்கமும் அதே விதியில் உண்டு. நியாயமான விளக்கம்தான். எனினும் 2021 மார்ச்சில் நடந்ததும் ‘விசாரணை’ என்றே அழைக்கப்பட்டது என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

மருத்துவக் கல்வியில் நேர்ந்த மாற்றத்தைத் தனியே சொல்ல வேண்டும். தடயவியல் மருத்துவப் பாடத்தில் தன்பால் உறவு பாலியல் குற்றங்களின் வரிசையில் கற்பிக்கப்பட்டுவந்தது நீதிமன்றத்தின் கவனத்துக்கு வந்தது. 2021 அக்டோபரில் தேசிய மருத்துவ ஆணையம், இச்சமூகத்தை இழிவுபடுத்தும் பகுதிகளைப் பாடநூல்களிலும் கற்பித்தலிலும் தவிர்க்கும்படி கல்லூரிகளுக்கு அறிவுறுத்தியது. 2022 ஆகஸ்டில், பாலீர்ப்பை மாற்ற முயலும் ‘மாற்றுச் சிகிச்சை’யைத் தொழில்முறை ஒழுங்கீனமாகக் கருத வேண்டும் என்று மாநில மருத்துவ மன்றங்களுக்கு எழுதியது. மகளை ‘சரிசெய்ய’ மருத்துவரிடம் அழைத்துப்போவது பல வீடுகளில் காவல் நிலையத்துக்கு முந்தைய படி. ஆகவே காவல் விதிக்கு நிகரான பயன் இதற்கும் உண்டு. ஊடகங்களும் அரசும் கண்ணியமாகக் குறிப்பிட உதவும் கலைச்சொற்பட்டியல் 2022இல் தமிழ்நாட்டு அரசிதழில் வெளியானது.

பின்னடைவுகளும் இருந்தன. பள்ளிகளில் திருநர் குழந்தைகளை உள்ளடக்குவதற்கான ஆசிரியர் பயிற்சிக் கையேட்டை என்சிஇஆர்டி 2021இல் வெளியிட்டு, எதிர்ப்பு எழுந்ததும் சில நாட்களிலேயே தளத்திலிருந்து அகற்றியது. நீதிமன்றம் அதை வெளிப்படையாகக் கண்டித்தது.

2023 அக்டோபர் 17 அன்று, தன்பால் திருமணத்தை அங்கீகரிக்க உச்ச நீதிமன்றத்தின் ஐவர் அமர்வு மறுத்தது. சேர்ந்து வாழ்வது குற்றமல்ல, ஆனால் அந்த வாழ்க்கைக்குச் சட்டப் பெயரும் இல்லை என்ற நிலை அதனால் உறுதியானது. ஒரு மாதம் கழித்து, நவம்பர் 17 அன்று, நிலுவையில் இருந்த இதே மனுவில் சென்னை உயர் நீதிமன்றம் இணையர் தங்களுக்குள் பதிவுசெய்துகொள்ளக்கூடிய ‘குடும்ப இணைவுப் பத்திரம்’ ஒன்றை மாநில அரசு பரிசீலிக்கும்படி பரிந்துரைத்தது. மனுதாரர் தரப்பிலிருந்து வந்த யோசனை அது. திருமணத்துக்கு ஈடாகாது என்றாலும், காவல் நிலையத்தில் எடுத்துக் காட்ட ஒரு தாள் என்ற அளவில் அதன் பயன் சிறியதல்ல. 2025 ஜூலையில் தமிழ்நாட்டு அரசு வெளியிட்ட மாநிலக் கொள்கை திருநர்களுக்கானது. இந்த மனுவைத் தொடுத்தவர்களைப் போன்ற இணையரை அது மையமாகக் கொள்ளவில்லை.

மனுதாரர்களின் பெற்றோர் முழு மனத்தோடு ஏற்றுக்கொண்டதாக ஆணைகள் எதுவும் சொல்லவில்லை. ஒரே இரவில் மாற்றம் வராது என்று நீதிமன்றமே எதிர்பார்த்திருந்தது. இருவரும் சேர்ந்து வாழ்வதற்கு அவர்களுடைய ஒப்புதல் தேவையில்லை என்பதை நிலைநாட்டியதோடு வழக்கின் நேரடிப் பயன் முடிந்தது.

நான்காண்டு கழித்து: வேலூர் ஆட்கொணர்வு மனு

ஜூன் 7 ஆணையின் முதல் வழிகாட்டுதல் எந்த அளவு வேரூன்றியது என்பதற்கான சோதனையாக 2025 மே 22 அன்று ஒரு தீர்ப்பு வந்தது. வேலூர் மாவட்டக் காவல் கண்காணிப்பாளரை எதிர்மனுதாரராகக் கொண்ட ஆட்கொணர்வு மனு (தடுத்துவைக்கப்பட்டவரை நீதிமன்றத்தின் முன் கொண்டுவரக் கோரும் மனு) அது, நீதிபதிகள் ஜி. ஆர். சுவாமிநாதன், வி. லட்சுமிநாராயணன் அமர்வு விசாரித்தது. இருபத்தைந்து வயதுப் பெண் ஒருவர், தாம் தன்பால் ஈர்ப்புடையவர் என்றும் மனுதாரரான பெண்ணோடு உறவில் இருப்பதாகவும், குடும்பத்தார் தம்மை வலுக்கட்டாயமாக வீட்டுக்குக் கொண்டுசென்று அடித்ததாகவும், ‘இயல்பாக’ மாற்றுவதற்கென்று சடங்குகளுக்கு உட்படுத்தியதாகவும் நீதிபதிகளிடம் நேரில் சொன்னார். அவரைப் பெற்றோருடன் போகும்படி காவல்துறை கட்டாயப்படுத்தியது என்பது குற்றச்சாட்டு. மனுதாரரோ காவல்துறைக்கு அளித்த புகாரிலும் நீதிமன்றப் பிரமாணப் பத்திரத்திலும் தம்மை நெருங்கிய தோழி என்றே குறிப்பிட்டிருந்தார். அந்தத் தயக்கத்தைப் புரிந்துகொள்வதாக அமர்வு சொன்னது.

அந்தப் பெண் தம் விருப்பப்படி போகலாம் என்று நீதிமன்றம் விடுவித்து, குடும்பத்தார் குறுக்கிடத் தடை விதித்து, தேவைப்படும்போது பாதுகாப்பு அளிக்கக் காவல்துறைக்கு ஆணையிட்டது. திருமணம் மட்டுமே குடும்பத்தை உருவாக்கும் வழியல்ல, தாமே தேர்ந்தெடுத்துக்கொண்ட குடும்பத்துக்கும் சட்டத்தில் இடமுண்டு என்று அறிவித்தது. காவல்துறையின் செயலின்மையையும் உணர்வின்மையையும் கண்டித்தது.

நீதிமன்றத்தின் பார்வை 2021ஐவிட ஒரு படி முன்னே சென்றிருக்கிறது. காவல் நிலையத்தின் கை இருந்த இடத்திலேயே இருக்கிறது. 2021 வழிகாட்டுதலும் 24-சி விதியும் நடைமுறையில் இருந்த காலத்தில்தான் இது நடந்தது.

மாற வேண்டியவை

முதலாவது, ஆலோசனை பற்றியது. 2024 மார்ச் 11 அன்று, கேரளத்திலிருந்து வந்த ஒரு மேல்முறையீட்டில், ஆட்கொணர்வு மற்றும் பாதுகாப்பு மனுக்களைக் கையாளும் நீதிமன்றங்களுக்கு உச்ச நீதிமன்றம் நெறிமுறைகளை வகுத்தது. நீதிமன்றத்தின் முன் கொண்டுவரப்பட்டவரை ஆலோசனைக்கோ பெற்றோர் பராமரிப்புக்கோ அனுப்பக் கூடாது. நீதிமன்றத்தின் வேலை அவருடைய விருப்பத்தை அறிவது மட்டுமே. உறவின் தன்மையைத் துருவக் கூடாது. பெற்றோர் உடனிராத சூழலில் தனியே பேச வேண்டும். இணையர் பாதுகாப்புக் கேட்டால், கடும் ஆபத்து மெய்ப்பிக்கப்படும்வரை காத்திராமல் உடனடி இடைக்காலப் பாதுகாப்பு அளிக்க வேண்டும் என்பவை அவற்றுள் சில. மதுரை இணையர் வழக்கில் ஆலோசனை நல்ல பலன் தந்தது என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் அது ஆலோசகரின் தகுதியாலும் நீதிபதியின் நோக்கத்தாலும் விளைந்த பலன். இன்று அதே மனு வந்தால் மனுதாரர்களை ஆலோசனைக்கு அனுப்பத் தேவையில்லை. பெற்றோர் விரும்பினால் அவர்களுக்கு மட்டும், பாதுகாப்பு ஆணைக்குப் பிறகு, வழக்குக்கு வெளியே அந்த வாய்ப்பை ஏற்படுத்தித் தரலாம்.

இரண்டாவது, வாக்குமூலம் எங்கே பெறப்படுகிறது என்பது. புகார் பதிவான ஊருக்கு வரும்படி அழைப்பதிலேயே ஆபத்து தொடங்குகிறது. உறவினர் அங்கேதான் காத்திருப்பார்கள். இருக்கும் இடத்திலேயே, அருகிலுள்ள நீதித்துறை நடுவர் முன்போ சட்டப் பணிகள் ஆணைக்குழு வழக்கறிஞர் உடனிருக்கவோ வாக்குமூலம் பெற்று, அதன் நகலை மட்டும் புகார் பதிவான நிலையத்துக்கு அனுப்பும் முறை எழுத்தில் வர வேண்டும். மகள் உயிரோடு, நலமாக, தன் விருப்பத்தில் இருக்கிறாள் என்பதைப் புகார்தாரருக்குச் சொல்லலாம், சொல்லவும் வேண்டும். முகவரியைச் சொல்ல வேண்டிய கடமை காவல்துறைக்கு இல்லை.

மூன்றாவது, காலக்கெடு. வாக்குமூலம் பெற்ற பிறகு எத்தனை நாளில் புகாரை முடிக்க வேண்டும் என்று ஜூன் 7 ஆணை குறிப்பிடவில்லை. அமைச்சகத்துக்கு எட்டு வாரம், தங்குமிடங்களுக்குப் பன்னிரண்டு வாரம் என்று கணக்கிட்ட ஆணையில், மிக அவசரமான கடமைக்கு மட்டும் நாள் குறிக்கப்படவில்லை. புகார் முடிக்கப்பட்டதற்கான எழுத்துமூல அறிவிப்பு அந்த இணையருக்குக் கிடைக்க வேண்டும் என்பதும் இதோடு சேர்ந்தது. அது கையில் இல்லாதவரை வேலையிடத்திலோ வாடகை வீட்டிலோ யாரேனும் வந்து விசாரித்தால் காட்டுவதற்கு அவர்களிடம் எதுவும் இல்லை.

நான்காவது, எல்லை. 24-சி தமிழ்நாட்டுக் காவலரின் நடத்தை விதி. வீட்டை விட்டுக் கிளம்பும் இணையர் பெங்களூருக்கோ கொச்சிக்கோ போனால், அங்கே கதவைத் தட்டும் உள்ளூர்க் காவலரை அது கட்டுப்படுத்தாது. தமிழ்நாட்டிலிருந்து அவரோடு செல்லும் அலுவலரை மட்டுமே கட்டுப்படுத்தும். நாடு முழுவதற்குமான பயிற்சிக் கட்டளை 2018 தீர்ப்பிலேயே இருக்கிறது. அதைச் செயல்படுத்தும் பொறுப்பு ஒன்றிய அரசுக்கும் ஒவ்வொரு மாநிலக் காவல்துறைக்கும் உரியது. தமிழ்நாட்டு விதிக்கு நிகரான விதியை மற்ற மாநிலங்கள் கொண்டுவரும்வரை, எல்லை தாண்டும் இணையரின் வழக்கறிஞர் இரு மாநில உயர் நீதிமன்றங்களிலும் மனுச் செய்ய ஆயத்தமாக இருப்பதே பாதுகாப்பானது.